காற்றை நிறுத்திய மரங்கள்

ஏழாவது குழிக்கு அடிக்கிற மேட்டில் இராமலிங்கம் அண்ணன் நின்றிருந்தார். காலில் எஸ்டேட்டுக்குப் போட்டுப்போகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ். தலையில் குரங்குக் குல்லா. கையில் மகனுடைய கோல்ஃப் ஸ்டிக். பல வருடம் மூலையில் கிடந்து வெடித்துப்போன அதன் தோல்பிடி, அவர் உள்ளங்கை வியர்வையில் ஊறி மறுபடி மெத்தென்று ஆகியிருந்தது.

மழை விட்டு வெகுநேரம் ஆகியும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஓர் இலை அசையவில்லை. பாசி வாடை மூக்கைப் பிடித்தது.

ஓங்கி அடித்தார். பந்து கொஞ்ச தூரம் எழும்பிப் போய், சொத்தென்று ஈரப் புல்லில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மிஸ்திரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. இதுல அவனுக்கு என்னங்க கெடச்சுது?"

அவன் என்றால் சேகர். அவருடைய ஒரே மகன். செத்துப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் அந்த மனிதர் என்ன ஆவார் என்பதுதான் தெரியவில்லை.

எலி வளைக்குக் கொடி

காப்பிப் பழம் உரிக்கிற பல்பர் இயந்திரத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர், "பட்டறை மிஸ்திரிக்கும் பணக்காரர் ஆட்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? நடுவில் கோல்ஃப் என்று ஒரு வார்த்தை வந்ததே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

ஏற்காட்டில் ஒரு கோல்ஃப் கிளப்பின் தண்ணீர் மோட்டாரைச் சரிபண்ணப் போனவன் நான். அன்றைக்கு ஆட வரவேண்டிய ஒருவருக்குக் காய்ச்சல். "நாலாவது ஆளா சும்மா நில்லுங்க" என்றார்கள். நின்றவன் இருபது வருடம் நின்றுவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று பேர் மூன்று விதமாகத் தப்புப் பண்ணினால், நான்காவதாக ஒரு தப்பைக் கண்டுபிடித்து அதைப் பழகிக்கொள்வேன். அப்படித்தான் கற்றுக்கொண்டது.

கரடியூர் போகிற வழியில் ஒரு மொட்டை மேடு. ஊர்க்காரர்கள் அதைப் பந்துக்காடு என்பார்கள். ஒன்பது குழிகள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடிப் பழகியவர்கள் எப்போதாவது வந்து பார்ப்பார்கள். "இதென்னங்க, மரமுமில்ல, மட்டமுமில்ல, மொட்டத் தல மாதிரி?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு மத்தியானப் பஸ்ஸுக்கே இறங்கிப் போய்விடுவார்கள். கோர்ஸ் என்கிற எங்கள் ஆட்டக்களத்தைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுதினவர் யாருமில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அதைப் போட்டவர் ஒரு வெள்ளைக்கார எஸ்டேட்காரர். கடலோர ஊர்க்காரர் என்று கேள்வி. அவர் ஊரில் கடற்கரை மணல்மேட்டில், மரம் மட்டை இல்லாத வெட்டவெளியில், காற்றோடு மல்லுக்கட்டி ஆடுவதுதான் இந்த ஆட்டத்தின் ஆதி வழக்கமாம். லிங்க்ஸ் என்பார்களாம். கடலே இல்லாத மலையில் அதைத் தேடி அலைந்து இந்த மேட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். கடலுக்குப் பதிலாகக் கீழே சேலத்துச் சமவெளி. அலைக்குப் பதிலாக அங்கிருந்து மத்தியானம் ஏறி வருகிற காற்று.

மனிதர் ஒரு மேட்டையும் வெட்டவில்லை, ஒரு பள்ளத்தையும் தூர்க்கவில்லை. சரளை மண், எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும். காற்றுக்கு ஒதுங்கி மாடுகள் படுத்துப் படுத்துக் குழிந்துபோன இடங்களையே, பந்து சிக்கிக்கொள்கிற மணல் பள்ளங்களாக விட்டுவிட்டார். புல்லைக் குட்டையாக வைத்துக்கொள்கிற பொறுப்பும் ஆடுமாடுகளுக்கே. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு.

குழியைச் சுற்றி மட்டும் புல் கிடையாது. சலித்த மணலில் லாரி எஞ்சினின் கழிவு ஆயிலைக் கலந்து வட்டமாகக் கொட்டி, சாக்கை இழுத்துச் சமமாக்கி வைத்திருப்பார்கள். நிறத்தைப் பார்த்து அதற்கு 'பிரவுன்' என்றே பெயர். கழிவு ஆயில் என் பட்டறையிலிருந்து போகும். என் வேட்டிக்கும் அந்த மண்ணுக்கும் ஒரே வாடை.

அங்கே மாடு மேய்க்க வருகிற பொன்னாயி ஒரு நாள் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "எலி வளைக்குக் கொடி நட்டு வெச்சு, அதச் சுத்திச் சுத்தி வாரீங்களே சாமி, எலி எப்பத்தானுங்க வரும்?"

இன்னொரு நாள் புதரில் பந்து தேடியவர்களைப் பார்த்து, "பந்து தொலச்சவன் மொகமும் பசு தொலச்சவன் மொகமும் ஒண்ணுதான் போல. பசுவாச்சும் கத்தும்" என்றாள். அந்தப் பேச்சுக்காகவே இன்னொரு சுற்று ஆடலாம்.

தரையில் ஓடுகிற பந்து

மற்ற ஊர்களில் பந்தை வானத்துக்கு அனுப்புவார்கள். அது போய்ப் பச்சை மெத்தையில் இறங்கும். எங்கள் காட்டில் வானத்துக்குப் போன பந்து காற்றுக்குச் சொந்தம். அதனால் தாழ அடிக்க வேண்டும். தரையில் விழுந்தபின்தான் ஆட்டமே ஆரம்பம்.

இரண்டாவது குழிக்குக் காற்று முதுகில். பிரவுன் கீழே ஒரு தட்டு அகலத்துக்குத் தெரியும். அதை நேராகப் பார்த்து அடித்தால் தாண்டிப் போய்விடும். பாதி தூரத்தில் ஒரு மேட்டின் தோளில் பந்தைப் போட வேண்டும். அது உருண்டு, இந்த மேட்டில் ஏறி, அந்தப் பள்ளத்தில் இறங்கி, நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி நகர்ந்து, கல்யாணத்துக்கு வந்த தாய்மாமன் மாதிரி எல்லாரையும் காக்கவைத்துக் கடைசியில் வந்து சேரும். அதற்குள் ஒரு பீடி பற்றவைத்துவிடலாம்.

ஐந்தாவது காற்றுக்கு எதிரே. காலையில் ஒரு கையால் அடித்துவிட்டுப் போன குழி, மத்தியானம் இரண்டு மடங்கு நீளமாகிவிடும். மூக்கு ஒழுகும். கண்ணில் தண்ணீர் வரும். சட்டைக்குள் காற்று புகுந்து முதுகில் டமாரம் அடிக்கும். ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரண்டு நாள் ஆட முடியாது என்பதுதான் அந்தக் கோர்ஸின் முழுச் சாமர்த்தியமும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று களத்துமேட்டில் சொன்னதை, நாங்கள் அங்கே நின்று ஸ்டிக்கை வைத்துக்கொண்டு செய்தோம்.

அந்தக் காட்டுக்கென்றே பிறந்தவன் சேகர்.

வாரம் முழுக்கச் சேலத்தில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டிக்குகளைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஏறி வருவான். வெள்ளக்கடைப் பக்கம் இருந்த எஸ்டேட் வீட்டுக்குக்கூடப் போகமாட்டான். நேரே இங்கேதான். காற்று பலமாக இருந்தால்தான் அவன் முகம் மலரும். இலை அசையாத நாளில், "இன்னைக்கு எதிராளி வரலீங்க மிஸ்திரி, நாம மட்டும் ஆடி என்ன பண்றது?" என்று உட்கார்ந்துவிடுவான். காற்று ஊதுகிற பக்கம் உடம்பைச் சாய்த்து அவன் நடக்கிற நடையை வைத்தே, அரை மைலுக்கு அப்பாலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம்.

எழுபதுகளின் கடைசி என்று நினைவு. மூடுபனி மாதம். ஒரு சனிக்கிழமை அவனுக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு குழியாவது ஆடிவிட வேண்டும் என்று அடிவாரத்திலிருந்து வேகமாக ஏறியிருக்கிறான். கொண்டை ஊசி வளைவில் லாரி. பனியில் இவனுக்கு அது தெரியவில்லை, அதற்கு இவன் தெரியவில்லை.

நாங்கள் முதல் மேட்டில் நின்று, பைக் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

வெறும் மண்ணைப் பார்த்தால்

எஸ்டேட்காரர்களுக்கு ஒரு குணம். கல்யாணமா, ஒரு மரம். காதுகுத்தா, ஒரு மரம். சாவுக்கும் மரம்தான். வெறும் மண்ணைப் பார்த்தால் அவர்களுக்குக் கை அரிக்கும். காப்பிச் செடி நிழலில் வாழ்வது, அதனால் நிழல் கொடுக்கிறவனே நல்லவன் என்று ஊறிப்போன மனசு.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு இராமலிங்கம் அண்ணன் தன் நர்சரியிலிருந்து சில்வர் ஓக் நாற்றுகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பந்துக்காட்டைச் சுற்றியும், குழிக்குக் குழி நடுவிலும், பள்ளத்தாக்கு விளிம்பு நெடுகவும் வரிசை பிடித்து நட்டார்.

"எம் பையன் வெயில்லயும் காத்துலயும் நின்னு காஞ்ச எடமுங்க இது. இனிமேலாச்சும் நெழலா இருக்கட்டும்" என்றார்.

வெள்ளைக்காரர் போனபோது வாங்கிப்போட்ட நிலம் அவருடையது. கிளப்காரர்கள் வாய்ப்பேச்சாக அனுபவித்து வந்தது. அதுகூடப் பெரிதில்லை. இழவு வீட்டில் போய் இலை சரியில்லை என்று எவன் சொல்வான்? அவருக்கு ஆட்டம் தெரியாது. மகன் உயிரோடு இருந்தபோது ஒருநாள்கூட அங்கே வந்து பார்த்தவரில்லை. தெரிந்த நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

முதல் கோடையில் நாற்று வாடியது. அண்ணனின் மனைவி மரகதம்மாள் வேலைக்காரப் பெண்களோடு தானும் குடம் சுமந்து, ஊற்றிலிருந்து மேடேறி வந்து ஊற்றினார். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று ஆண்டவனைச் சொல்வார்கள். இங்கே அந்த அம்மாள்தான் ஊற்றினார். யாரோடும் பேசமாட்டார். ஊற்றிவிட்டு, செடியின் தலைக்கு மேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

சில்வர் ஓக் சீக்கிரம் வளர்கிற சாதி. இடுப்பளவு, ஆளுயரம், வீட்டுயரம். முதலில் ஐந்தாவது குழியில் காற்று தளர்ந்தது. பிறகு பள்ளத்தாக்குப் பக்கம் அடைத்துக்கொண்டது. நிழலில் ஈரம் காயவில்லை. சரளையின்மேல் சருகு மக்கிக் கறுப்பு மண்ணாகியது. புல் கொழுத்தது. பாசி பிடித்தது. ஓடின பந்து நடந்தது, நடந்த பந்து நின்றது. காற்றில்லாததால் கொசு வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். கடைசியில் பழக்கதோஷத்துக்கு நான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன்.

பார்க்கிறவர்களுக்கு இப்போதுதான் அது அழகான கோர்ஸ். "அடடா, எத்தன குளுமை!" என்று வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்பன் ஆடினார்

எஸ்டேட் பொறுப்பை மருமகனிடம் விட்டபிறகு ஒருநாள் அண்ணன் என் பட்டறைக்கு வந்தார். மகனுடைய ஸ்டிக் பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"எனக்கு இதச் சொல்லிக் குடுங்க."

"இந்த வயசுலயா? முதுகு புடிச்சுக்குமுங்கண்ணா."

"புடிக்கட்டும். ஊட்டுக்கு வந்து அம்மா கையில ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்கு முன்னால இங்க ஓடி வந்தானே, அப்படி என்ன இருக்குதுன்னு நான் பாக்கோணும். சாகறதுக்குள்ள பாக்கோணும்."

சொல்லிக்கொடுத்தேன். மழையோ பனியோ, வாரம் தவறாமல் வந்தார். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைபோலக் கேட்டுக்கொள்வார். அடிப்பார். பந்து சொத்தென்று விழும். கிட்டே போய்க் குனிந்து பார்ப்பார். அந்தப் பந்து ஏதோ ஒளித்துவைத்திருக்கிற மாதிரி.

அப்படி வெகுநாள் ஆன பிறகுதான், ஏழாவது மேட்டில் நின்று என்னைக் கேட்டார். இதுல அவனுக்கு என்னங்க கெடச்சுது?

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். மனசு வரவில்லை.

"காத்துங்கண்ணா. அவனுக்குக் கெடச்சது காத்து."

"காத்தா?" சுற்றும்முற்றும் பார்த்தார். "இங்க ஏதுங்க காத்து?"

அவர் பார்வை தரையிலிருந்து ஒரு மரத்தின் அடிக்குப் போனது. அதன்வழியே மெல்ல உச்சிக்கு ஏறியது. பிறகு அடுத்த மரம். அதற்கடுத்த மரம். வரிசை முழுக்கப் பார்த்துமுடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க."

அன்றைக்கு மேலே ஆடவில்லை.

விளிம்பில்

சில நாளில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனால் பந்துக்காட்டில் ரம்பக்காரர்கள் இருவர், கயிறும் கோடாலியுமாக, பீடி பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஏழாவது மேட்டில் அண்ணன் நின்றார். அவருக்கு எதிரே மரகதம்மாள், ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு. மூச்சு வாங்கியது. சேதி கேட்டு நடந்தே ஏறி வந்திருக்கிறார்.

"தெரியாம வெச்சுட்டேன் மரகதம்," என்றார் அண்ணன். "அவனுக்குக் காத்துதான் உசுராம். நான் போயி அத அடச்சுட்டேன்."

"உங்களுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"காத்துதான்னு. சட்டையக் கழட்டிப் போட்டான்னா அந்தக் காத்து வாசம்தான் அடிக்கும். தொவைக்கறவ எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா தண்ணி ஊத்துன?"

"தெரிஞ்சுதான் ஊத்துனேன்." அவர் குரல் உயரவில்லை. "அந்தக் காத்துதானுங்க எம் பையன இந்த மலையில இழுத்து இழுத்து ஏத்துனது. பெத்தவ ஊட்டுல காத்துட்டு இருக்கறேன், பனியில ஓட்டிக்கிட்டு அதுகிட்டப் போனான். நிக்கட்டும், அடியோட நிக்கட்டும்னுதான் ஊத்துனேன்."

ரம்பக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டார்கள்.

அண்ணன் கையில் இருந்த ஸ்டிக்கை என்ன செய்வதென்று தெரியாமல் ஊன்றிக்கொண்டு நின்றார். அப்புறம் ரம்பக்காரர்களைப் பார்த்து, "எறங்குங்கப்பா. வேண்டாம்" என்றார்.

அவர்கள் எழுந்தார்கள். மரகதம்மாள் என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஏனுங்க மிஸ்திரி, இந்த எடத்துல நின்னு அவன் எப்படி அடிப்பான்?"

சொன்னேன். ஏழாவது குழிக்குப் போகிற வழி விளிம்பை ஒட்டியே இருக்கும், பள்ளத்தாக்கு இடது கைப் பக்கம். நேராக அடித்தால் காற்று பந்தை வலது பக்கப் புதருக்குள் தள்ளிவிடும். அதனால் சேகர் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பான். சேலத்தைப் பார்த்து அடிப்பான். பந்து வெட்டவெளியில் போகும். போச்சு என்று எல்லாரும் நினைக்கும்போது காற்று அதை வளைத்துத் திருப்பும். கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் போடும்.

"திருப்பிக் கொண்டாந்து உட்ருமா? காத்தா?"

"உட்ருமுங்கண்ணி."

அவர் விளிம்பைப் பார்த்தார். மரங்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"இதுக்கு நேரா இருக்கற ரெண்ட மட்டும் எடுக்கச் சொல்லுங்க" என்றார் கணவரிடம்.

இரண்டு மரம் சாய்ந்தது. கதவைத் திறந்த மாதிரி இருந்தது. கீழே சமவெளி, மங்கலாக, மழைமேகத்துக்கு அடியில். அந்த இடைவெளி வழியே வந்த காற்றில் மரகதம்மாளின் முந்தானை ஒருமுறை தூக்கி அடங்கியது. ரம்பத்தூள் பறந்தது.

அண்ணன் பந்தை வைத்தார். நான் சொன்னபடி சேலத்தைப் பார்த்து நின்றார். அடித்தார். அவர் வாழ்நாளில் அடித்த நல்ல அடி அதுதான். பந்து அந்த வாசல் வழியே நேராக வெளியே போனது. வெள்ளைப் புள்ளியாகி, மேகத்தோடு கலந்து, காணாமல் போனது.

மூவரும் நின்றோம்.

டொக்.

இடைவெளிக்கு வலது பக்கம், வரிசையின் வெளிப்புறம், ஏதோ ஒரு மரத்தில். அப்புறம் சரிவில் இலை சலசலத்தது. அடங்கியது.

"என்னங்க சத்தம்?" என்றார் அண்ணன்.

"பந்துதானுங்கண்ணா. திரும்பி வந்துச்சு. மரத்துல பட்டுக் கீழ போயிருச்சு."

மரகதம்மாள் விளிம்புக்கு நடந்தார். சத்தம் வந்த பக்கத்து மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே பாறையும் உண்ணிப்புதரும்தான்.

"வந்துச்சுங்களே," என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. "வந்துச்சே."

இராமலிங்கம் அண்ணன் அவரிடம் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நின்றார்.

ரம்பக்காரர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, மிச்சத்த என்னங்க பண்றது?"

"வெட்டுங்க."

"எல்லாத்தையுமுங்களா?"

"எல்லாத்தையும். இதுல இருந்து ஆரம்பிங்க."

அவர்கள் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்தார்கள். மரகதம்மாள் பிடித்திருந்த மரத்தின் இரண்டு பக்கமும் குந்தினார்கள். ரம்பத்தை அடியில் வைத்தார்கள். வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"கைய எடுங்கம்மா," என்றார் மூத்தவர்.

எடுக்க அவருக்கு நேரம் ஆயிற்று.